வேட்டுச் சத்தத்துக்கு நாய் நடுங்கினால்

மதுரை தல்லாகுளம் பக்கம் வேட்டுக்கு மாதக் கணக்கு கிடையாது. தீபாவளி போனால் கல்யாண ஊர்வலம், அப்புறம் சித்திரையில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை. எங்கள் சிப்பிப்பாறை நாய் ஒரு சரவெடிக்கே கட்டிலுக்கடியில் போய் நடுங்கும்.

இதை மாற்ற, வேட்டு இல்லாத நாளில்தான் தொடங்க வேண்டும். சித்திரைக்கு என்றால் தையிலேயே. கைப்பேசியில் வெடிச் சத்தத்தைக் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு வையுங்கள். கேட்டதும் ஒரு துண்டு ஈரல், உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்தது. சத்தம் முதலில், ஈரல் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. ஐந்து நிமிடம் போதும். அடுத்த துண்டுக்காக நம் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தால், மறுநாள் இம்மியளவு கூட்டலாம். காது பின்னால் மடிந்தாலோ, வாலை ஒடுக்கினாலோ, ஈரலை மோந்துவிட்டு ஒதுங்கினாலோ உடனே குறையுங்கள். வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

நிஜ வேட்டு நாளில் வெளிச்சம் இருக்கும்போதே நடக்கக் கூட்டிப் போய் வந்துவிடுங்கள். ஜன்னலை அடைத்து, ஃபேனையும் டிவியையும் போடுங்கள். சங்கிலியில் கட்டாதீர்கள், மிரண்டு இழுத்துக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். ஒட்டி வந்தால் தடவிக் கொடுங்கள். கொஞ்சினால் பயம் கூடும் என்பார்கள், அது சரியில்லை. நம்மிடம் ஒளிய வரும் உயிரைத் தள்ளிவிடவே கூடாது.

எச்சில் வடிய மூச்சிரைத்து, கதவைப் பிறாண்டும் அளவுக்குப் போனால் திருவிழாவுக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மனிதர் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.