யுஎஸ்பி லேன் டிரைவரில் பாக்கெட் பிரிக்கும் பிழை: பிடிப்பதும் திருத்துவதும்

கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பட்டறையில், யுஎஸ்பி லேன் டாங்கிள் மாட்டிய லினக்ஸ் பெட்டி அடிக்கடி ஹேங் ஆனால் முதலில் வரும் தீர்ப்பு, "ஏனுங்க, மோட்டார் ஓடறப்ப லைன்ல நாய்ஸ் வருதுங்க" என்பதுதான். உடனே கேபிள் மாறும். ஆனால் யுஎஸ்பி பல்க் பரிமாற்றத்தில் ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டோடும், அது கெட்டுவிட்டதா என்று காட்டும் 16 பிட் சிஆர்சி போகிறது. கெட்டது திரும்ப அனுப்பப்படும். நாய்ஸ் இணைப்பை அறுக்கும், வேகத்தைக் குறைக்கும். கர்னல் லாகில் "பேட் ஹெடர் லெங்த்" (தலைப்பில் உள்ள நீளம் தவறு) என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால் கேபிளை விட்டுவிட்டு டிரைவர் நிரலைப் பாருங்கள்.

முதல் வேலை, பிழையை நினைத்த நேரத்தில் வரவைப்பது. பிங் கட்டளையில் கொடுக்கும் அளவோடு 42 பைட் சேர்த்தால் ஈதர்நெட் ஃபிரேமின் நீளம்: ஐசிஎம்பி 8, ஐபி 20, ஈதர்நெட் 14. அளவு 56 என்றால் ஃபிரேம் 98, இரட்டைப்படை. 57 என்றால் 99, ஒற்றைப்படை. இரண்டையும் ரூட்டாக இருந்து ஃபிளட் முறையில் ஓட விடுங்கள். யூஆர்பி என்பது டிரைவர் ஒரு தடவையில் வாங்கும் யுஎஸ்பி பரிமாற்றக் கட்டு. மெதுவான பிங்கில் பெரும்பாலும் ஒரு யூஆர்பிக்கு ஒரு பாக்கெட்தான் வரும், பிழை ஒளிந்துகொள்ளும். ஃபிளட்டில் பல பாக்கெட்டுகள் ஒரே யூஆர்பிக்குள் ஒட்டி வர வாய்ப்பு அதிகம். 98 ஓடி 99 விழுந்தால் சந்தேகம் பேடிங் (ஃபிரேமுக்குப் பின் வரும் நிரப்பு பைட்) மேல்.

அடுத்து, யுஎஸ்பி போக்குவரத்தைப் பதிவு செய்யும் யுஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றி, டாங்கிள் இருக்கும் பஸ்ஸை வயர்ஷார்க்கில் பிடியுங்கள். டீபக் கோப்பகத்தில் உள்ள எழுத்து வடிவ இடைமுகம் ஒரு பரிமாற்றத்துக்கு முதல் 32 பைட்டை மட்டுமே காட்டும். இந்த வேலைக்கு அது உதவாது.

டாங்கிள்களில் வரும் ஏஎக்ஸ்88772 சிப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னால் லிட்டில் எண்டியன் முறையில் (சின்ன மதிப்புள்ள பைட் முதலில்) 4 பைட் ஹெடர். கீழ்ப் பாதியில் 11 பிட் நீளம், மேல் பாதியில் அதே நீளத்தின் தலைகீழ் பிட்டுகள். 11 பிட் மாஸ்க் போட்டு (கீழ் 11 பிட்டை மட்டும் வைத்து) இரண்டையும் கூட்டினால் எப்போதும் 2047 வர வேண்டும்: 99க்கு இணை 1948. ஹெடரும் ஃபிரேமும் முடிந்ததும், நீளம் ஒற்றைப்படையானால் ஒரு நிரப்பு பைட்.

99 பைட் ஃபிரேம் இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. ஹெடர் 0 முதல் 3 வரை, டேட்டா 4 முதல் 102 வரை, நிரப்பு 103, அடுத்த ஹெடர் 104இல். நிரப்பை மறந்த டிரைவர் 103இலிருந்தே படிக்கும். நிரப்பு 0 என்று வையுங்கள்: கண்ணில் படுவது 0, 99, 0, 156. மாஸ்க் போட்டால் நீளம் 768, இணை 1024, கூட்டுத்தொகை 1792. "பேட் ஹெடர்" அலறல் இரண்டாவது ஃபிரேமில் கேட்கிறது, தப்பு நடந்ததோ முதல் ஃபிரேமின் கடைசியில். பலர் தேடும் இடம் தவறுவது இங்கேதான்.

இன்னொரு வலை, யூஆர்பி எல்லை. இந்தச் சிப்பில் ஒரு ஃபிரேம் இரண்டு யூஆர்பியில் பிரிந்து வரலாம். எல்லாம் 2 பைட்டுக்குச் சீரானதால் ஹெடரே கூட 2 பைட் இங்கே, 2 பைட் அங்கே என்று வெட்டுப்படும். எனவே, வந்த யூஆர்பியைப் பாக்கெட்டுகளாகப் பிரிக்கும் ஆர்எக்ஸ் ஃபிக்ஸ்அப் ஃபங்ஷனில் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. மீதம் 4 பைட்டுக்குக் குறைவா? சரியாக 2 என்றால் அதை எடுத்து வைத்து அடுத்த யூஆர்பிக்குக் காத்திருங்கள்.
2. கூட்டுத்தொகை 2047 இல்லையா? ஊகித்து ஒத்திசைக்கப் பார்க்காமல் அந்த யூஆர்பியின் மிச்சத்தைத் தூக்கி எறிந்து, பிழைக் கணக்கை ஏற்றுங்கள்.
3. நீளம், எம்டியு (ஒரு ஃபிரேமின் உச்ச டேட்டா) 1500, தலைப்பு 14, விலேன் குறி 4 சேர்ந்த 1518ஐத் தாண்டினால் அதே தண்டனை.
4. நீளம், மீதம் இரண்டில் சின்னதை மட்டும் நகலெடுங்கள். பாக்கியைக் குறித்து வையுங்கள்.
5. நீளத்தை இரட்டைப்படைக்கு ஏற்றி நகருங்கள்.

ஹெடரை நேரடி பாயிண்டராக மாற்றிப் படிக்காதீர்கள்; சீரற்ற முகவரியைத் தாங்கும் லிட்டில் எண்டியன் வாசிப்பு ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள். இன்டெலில் ஓடுகிறதே என்ற தைரியம் சில பழைய ஏஆர்எம் பலகைகளில் செல்லாது.

ஏஎக்ஸ்88179 வேறு ஜாதி. திருப்பூர் கார்ட்டனில் பேக்கிங் லிஸ்ட்டை அடியில் போட்டு மூடியது மாதிரி, யூஆர்பியின் கடைசி 4 பைட்டில்தான் பாக்கெட் எண்ணிக்கையும் பட்டியல் தொடங்கும் இடமும் இருக்கும். பட்டியலில் ஆளுக்கு 4 பைட், ஃபிரேம்கள் 8 பைட்டுக்குச் சீரானவை. லினக்ஸ் டிரைவர் இந்த இரண்டு எண்ணையும் அப்படியே நம்பியதால் எல்லை மீறிய வாசிப்பும் எழுத்தும் நடந்தன, 2022இல்தான் திருத்தினார்கள். எண்ணிக்கையை 4ஆல் பெருக்கியது, தொடங்கும் இடத்துக்கும் யூஆர்பி முடிவுக்கும் இடையே அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஒப்பிடும்போது "இடம் + நீளம் > மொத்தம்" என்று எழுதாதீர்கள், கூட்டல் சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகிவிடலாம். இடம் மொத்தத்துக்குள் இருப்பதை உறுதி செய்துகொண்டு "நீளம் > மொத்தம் - இடம்" என்று எழுதுங்கள். யுஎஸ்பியின் பொதுத் தரமான என்சிஎம் வகை டாங்கிளிலும் இதே விதி. அதன் 16 பிட் வடிவில் முன்தலைப்பு 12 பைட், பாக்கெட் பட்டியல் யூஆர்பிக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கும்.

அனுப்பும் பக்கத்தையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். 88772இல் பிங் அளவு 466 மட்டும் பதில் இல்லாமல் நின்றால், ஃபிரேம் 508, ஹெடர் 4, மொத்தம் சரியாக 512. ஹை ஸ்பீடில் 512இன் மடங்கில் முடியும் பரிமாற்றம் முடிந்ததென்று சிப்புக்குத் தெரியாது. கடைசியில் வெற்று 4 பைட் ஹெடர் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

சோதனைக்கு, நினைவக எல்லை மீறலைப் பிடிக்கும் கேசான் இயக்கிய கர்னல் கட்டாயம். லினக்ஸ் 5.7 முதல் உள்ள ரா கேட்ஜெட்டை (பொய் யுஎஸ்பி சாதனம்) டம்மி எச்சிடியோடு (பொய் யுஎஸ்பி கண்ட்ரோலர்) சேர்த்தால் டாங்கிளே இல்லாமல் பொய் யூஆர்பி ஊட்டலாம்: 1, 2, 3 பைட் மட்டும் வரும் யூஆர்பி, நீளம் 0, நீளம் 2047, எண்ணிக்கை 65535, யூஆர்பிக்கு வெளியே காட்டும் இடம்.

கடைசியாக, ஃபிளட் ஓடும்போதே டாங்கிளைப் பிடுங்கி 20 முறை மாட்டுங்கள். ஐபி வந்ததும் முதல் பிங்கே பதில் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் முதல் ஒன்றிரண்டு தொலைந்தால், ரீசெட்டில் அழிக்க வேண்டிய "பாக்கி நீளம்" இன்னும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவர் புதிய ஹெடரைப் பழைய ஃபிரேமின் வாலாக விழுங்கும்.