கொக்கிப் பலகை: மரமும் இரும்பும் சேர்ந்த முதல் வேலை

பள்ளிப் பட்டறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் பெட்டி, முக்காலி எல்லாம் கொடுப்பதில்லை. கொக்கிப் பலகைதான்: சட்டை மாட்ட, இரும்புப் பட்டையை வளைத்துச் செய்த கொக்கிகளைத் திருகிய பலகை. 18 மி.மீ. கனத்தில் ஒரு பலகை, 20 மி.மீ. அகலமும் 3 மி.மீ. கனமும் உள்ள இரும்புப் பட்டை கொஞ்சம், போதும்.

பலகையை ரேகை ஓடும் திசையிலேயே இழையுங்கள். எதிர்த்து இழைத்தால் சிலாம்பு கிளம்பும். பிறகு உப்புத்தாள், அவ்வளவுதான்.

பட்டையில்தான் நேரம் போகும். முதலில் துளை, அப்புறம்தான் வளைவு. வளைத்த பட்டையை டிரில்லுக்கு அடியில் சரியாக உட்கார வைப்பது பெரும்பாடு. துளை வர வேண்டிய இடத்தில் சென்டர் பஞ்சால் (சுத்தியலால் தட்டிச் சிறு குழி பதிக்கும் கூர்முனைக் கருவி) குறி போட்டு, பட்டையை வைஸில் (இரு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்குங்கள். கையால் பிடிக்கவே கூடாது: டிரில் முனை மறுபக்கம் வெளியேறும் நொடியில் பட்டையைக் கவ்விச் சுழற்றிவிடும். கையுறையும் வேண்டாம், அதையும் இழுத்துக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இதில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

வளைக்கும்போது சுத்தியலால் நுனியில் அடிக்காமல், வைஸின் வாயை ஒட்டி அடித்தால் மூலை கச்சிதமாக வரும். ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள். மாட்டுகிற சட்டை கிழியக் கூடாதல்லவா? எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பிறகே பெயின்ட். காய்ந்ததும் பலகையில் திருகாணி போடலாம். அதற்கு முன் மரத்தில் சிறு துளை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் பிளந்துவிடும்.