வீட்லயே சிம்பிளா பாட்டு ரெக்கார்ட் பண்றவங்க எங்க சறுக்குறாங்க

சிம்பிளா ரெக்கார்ட் பண்றதப் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோட நெப்ராஸ்கா ஆல்பத்துல தான் வந்து நிப்பாங்க. 1982 ஜனவரி, நியூ ஜெர்சில கோல்ட்ஸ் நெக்னு ஒரு ஊர், வாடகை வீட்டு பெட்ரூம், சாதா கேசட்ல நாலு ட்ராக், அதாவது நாலு சத்தத்த தனித்தனியா பதியுற டீயாக் 144 மெஷின், ரெண்டு ஷூர் எஸ்எம்57 மைக், அவ்ளோதான் செட்டப். இதக் கேட்டுட்டு சும்மா உக்காந்து பாடினா போதும்னு இறங்குறாங்க பாருங்க, அங்கயே தப்பு ஆரம்பிக்குது.

நாலு ட்ராக்ல கிட்டாரும் குரலும் ரெண்ட எடுத்துக்கும், மிச்சம் இருக்குற ரெண்டுல மவுத் ஆர்கனா, ரெண்டாவது குரலான்னு முன்னாடியே முடிவு பண்ணியாகணும். நம்ம லேப்டாப்ல அந்தக் கட்டாயமே இல்ல, அதனால எட்டு டேக் பாடி வச்சுட்டு எது நல்லாருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுடறோம், அந்த "அப்புறம்" வரவே வராது.

லோ-ஃபை பிளகின், அதாவது பழைய டேப் மாதிரி சவுண்ட மங்கலாக்குற சாஃப்ட்வேர் போட்டு இரைச்சல் சேக்குறது எனக்கு சுத்தமா புடிக்காது. அந்த ஆல்பத்தோட மங்கலான சவுண்ட், எக்கோபிளெக்ஸ்னு எதிரொலி சேக்குற மெஷின் வழியா ஒரு பானசோனிக் பூம்பாக்ஸ்ல (பெரிய டேப் ரெக்கார்டர்) மிக்ஸ் இறக்கினதால வந்தது, அதுவும் பேண்டுக்குப் போட்டுக் காட்டத்தான், டெமோ!

மைக்க கிட்டார் ஓட்டைக்கு நேரா வைக்காதீங்க, பேஸ் குமுறும், கிட்டார் கழுத்துல பன்னெண்டாவது ஃபிரெட் (குறுக்குக் கம்பி) பக்கம் கொஞ்சம் தள்ளி வைங்க. கேசட்ல இரைச்சலுக்கு மேல நிக்கணும்னு லெவல ஏத்துவாங்க, லேப்டாப்ல 24 பிட் டிஜிட்டல்ல எடுத்தா அதுக்கு அவசியமே இல்ல, உச்சத்துல மைனஸ் 10 டிபி வந்தாலே தாராளம். ஃபோன்ல எடுத்தா, லெவல தானாவே ஏத்தி இறக்குற ஆட்டோ கெயின ஆஃப் பண்ற ஆப் தேடுங்க, இல்லன்னா நீங்க மெதுவா பாடுற இடத்துல ஃபேன் சத்தம் மேல ஏறி வரும்.

எல்லா பாட்டுக்கும் இதுதான் வழின்னு பிடிவாதம் புடிக்கிறதும் தப்பு தான். நெப்ராஸ்கா பாட்டுகள பேண்டோட ஸ்டுடியோல வாசிச்சுப் பாத்தாங்க, சரியா வரல, கேசட்டுக்கே திரும்பினாங்க. ஆனா அதே கேசட்ல இருந்த பார்ன் இன் தி யூஎஸ்ஏ பாட்டு பேண்டோட தான் உயிர் புடிச்சு 1984ல வெளிய வந்துச்சு.

அப்புறம் பேக்கப். ஸ்பிரிங்ஸ்டீன் அந்தக் கேசட்ட கவர் கூட இல்லாம பாக்கெட்ல போட்டுட்டு சுத்தினாராம், கடைசில அதுல இருந்து எல்பி ரெக்கார்ட் வெட்டறதுக்குள்ள இன்ஜினியர்ங்க படாதபாடு பட்டாங்க. பாடி முடிச்ச அன்னைக்கே வேற டிரைவ்ல ஒரு காப்பி போட்டுடுங்க.