ஆறு ஆறு பேராக: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் சிறு குழுவை நடத்தப் பழகுவது எப்படி?

கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்தபோது விட்டுப்போன பாடத்தை, பிள்ளைகளின் வீட்டருகிலேயே மாலையில் சொல்லிக்கொடுக்கத் தமிழக அரசு கொண்டுவந்தது இல்லம் தேடிக் கல்வித் திட்டம். 2021 டிசம்பரில் அதில் தன்னார்வலராகச் சேர்ந்தபோது, "சின்னப் பிள்ளைங்கதானே, சமாளிச்சுக்கலாம்" என்றுதான் இருந்தேன். முதல் நாள் 17 பேர் வந்தார்கள். முடிக்கும் நேரத்தில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒருவன் முருங்கை மரத்தில் இருந்தான்.

ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள் வரை என்பது 2021-ல் திட்டம் வந்தபோது போட்ட கணக்கு. அத்தனை பேரையும் ஒன்றாக உட்காரவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டது. இப்போது மூன்றாகப் பிரித்துவிடுகிறேன். ஒரு குழு என்னிடம், ஒன்று சிலேட்டோடு, ஒன்று புளியங்கொட்டையோடு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றம். என்ன பாடம், எந்தப் புத்தகம் என்பதெல்லாம் தன்னார்வலர்களான உங்களுக்கே தெரியும். பிள்ளைகளை வைத்து ஓட்டுவது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1. வகுப்பைப் பார்த்துப் பிரிக்காதீர்கள்

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் ஒருநாள்கூடப் போய் உட்கார்ந்ததில்லை. நான்காம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டித் தடுமாறுவான், அவன் தங்கை மளமளவென்று படிப்பாள். அதனால் யார் எழுத்தில் நிற்கிறார்கள், யார் சொல்லில், யார் வாக்கியத்தில் என்று பார்த்துப் பிரியுங்கள். தமிழக அரசுப் பள்ளிகளின் சின்ன வகுப்புகளுக்கு 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள்.

சோதிக்கும்போது ஒவ்வொருவராகத் தனியே கூப்பிடுங்கள். பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தாலும் விடை காதுக்குப் போய்விடும்.

2. உட்காரவைப்பது

அரைவட்டம். பிள்ளைகள் சுவரைப் பார்த்து, நீங்கள் தெருவைப் பார்த்து. ஐஸ் வண்டி போனால் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

3. கோரஸை நம்பாதீர்கள்

நான் இரண்டு மாதம் ஏமாந்தது இங்கேதான்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்" என்று ஒரே குரலில் வரும். காகமும் குடமும் கதையை எல்லாருமாகச் சேர்ந்து ராகம் போட்டுப் படிப்பார்கள். கேட்க அவ்வளவு அழகாக இருக்கும். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எல்லாரையும்விடச் சத்தமாக, வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பாள். ஒருநாள் அவள் விரலைக் கவனித்தேன். வாய் மூன்றாவது வரியில் இருந்தது, விரல் ஐந்தாவதில். சந்தேகம் வந்து உள்ளங்கையால் எழுத்துகளை மறைத்தேன். அவள் நிறுத்தவே இல்லை. கையை எடுத்து 'குடம்' என்ற சொல்லை மட்டும் காட்டி, "இது என்ன?" என்றேன். படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பானை" என்றாள்.

முழுக்கதையும் மனப்பாடம்! அன்றிலிருந்து நான் செய்வது:

சேர்ந்து படிப்பது முதல் 3 நிமிடம் மட்டும், பிள்ளைகளுக்குச் சூடு பிடிக்க. பிறகு கதையின் நடுவிலிருந்து ஒரு சொல்லைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். எல்லாரும் மனசுக்குள் படிக்கவேண்டும், வாய் திறக்கக்கூடாது. கொஞ்சம் பொறுத்துத்தான் ஒரு பெயரைச் சொல்வேன். பெயரை முதலில் சொன்னீர்களோ போச்சு, மற்ற ஐந்து பேரும் அந்த நொடியே யோசிப்பதை விட்டுவிடுவார்கள்.

அந்தக் 'கொஞ்சம் பொறுத்து' லேசுப்பட்டதில்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், 3 நொடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே எழுதியிருக்கிறார். எனக்கு வாய் நிற்காது, நானே பதிலைச் சொல்லிவிடுவேன். இப்போது துப்பட்டா நுனியை விரலில் மூன்று சுற்றுச் சுற்றுகிறேன். சுற்றி முடிக்கும்வரை பேசக்கூடாது என்பது எனக்கு நானே போட்ட சட்டம்.

"புரிஞ்சுதா?" என்பதை அடியோடு விட்டுவிட்டேன். "நீ எனக்குச் சொல்லிக் கொடு, பார்ப்போம்" என்கிறேன்.

4. முதலில் சொல்லுங்கள், அப்புறம் கொடுங்கள்

சிலேட்டு கைக்குப் போனபிறகு நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. என்ன செய்யவேண்டும், முடித்தபின் என்ன செய்யவேண்டும், இரண்டையும் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாவதைத்தான் எல்லாரும் மறக்கிறோம். வம்பெல்லாம் முதலில் முடித்தவனிடமிருந்துதான் கிளம்பும். அந்த முருங்கை மரத்துப் பையனும் மக்கு இல்லை, வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருந்தவன். இப்போது முடித்தவர்கள் பக்கத்துப் பிள்ளைக்கு 2 சொல் எழுதிக் கொடுத்துத் திருத்தவேண்டும்.

5. சாமான்கள்

சிலேட்டு, சாக்பீஸ், ஒரு டப்பா புளியங்கொட்டை. திட்டத்தில் கொடுத்த மாத ஊக்கத்தொகை 1000 ரூபாயில் இதற்கெல்லாம் போக மிச்சம்தான் என் கைக்கு வந்தது. அச்சடித்த பயிற்சித்தாள் எனக்குப் பிடிக்காது. தப்பாக எழுதிவிட்டால் பிள்ளை கையால் மறைக்கும். சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்துவிட்டு அடுத்ததைப் போட்டுவிடும் (துணி கொடுத்தும் பார்த்தாயிற்று, எச்சில்தான்). செல்போனில் பாட்டுப் போட்டுக் காட்டுவது உங்கள் இஷ்டம். நான் ஒருமுறை எடுத்தேன், அதற்குப் பிறகு ஒரு வாரம் "மிஸ், போன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. விசிலும் வேண்டாம். சத்தம் கூடினால் குரலைத் தாழ்த்தி, பக்கத்திலிருக்கும் பிள்ளையிடம் மெதுவாகக் கதையைத் தொடருங்கள், ஒவ்வொருவராகத் திரும்புவார்கள்.

பின்சேர்க்கை

அக்காவும் தம்பியும் ஒரே குழுவில் இருந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தம்பியைக் கேட்டால் அக்கா பதில் சொல்லிவிடுகிறாளாம். எதிரெதிரே உட்காரவைத்துப் பார்த்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது இன்னும் மோசம், உதட்டை அசைத்தே சொல்லிக் கொடுப்பாள். ஒரே வரிசையில் இரண்டு கோடியில் வையுங்கள், நடுவில் நாலு தலை மறைக்கட்டும். முடிந்தால் வேறு குழு. என்னிடம் இருக்கும் ஜோடியில் தம்பி முதல் வாரம் வாயே திறக்கவில்லை. இப்போது தானாகப் படிக்கிறான். தண்ணீர் குடிக்கப் போகவேண்டும் என்றால் மட்டும் என்னிடம் கேட்பதில்லை, அந்தக் கோடி வரை நடந்துபோய் அக்காவிடம் கேட்டுவிட்டுப் போகிறான்.