மல்டிகிளாஸுக்கு நம் மேசை விதிகள் போடுவது எப்படி
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் 2014 பதிப்பில் மல்டிகிளாஸே, அதாவது ஒரே கதாபாத்திரம் ஒன்றுக்கு மேற்பட்ட கிளாஸில் (ஃபைட்டர் என்ற போர்வீரர், விசார்ட் என்ற மந்திரவாதி போன்ற வகைகளில்) லெவல் ஏறுவதே, ஒரு விருப்ப விதிதான், அதனால் வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பழைய கிளாஸ், புது கிளாஸ் இரண்டுக்கும் உரிய திறன் மதிப்பெண் குறைந்தது 13 இருக்க வேண்டும் என்பதை நான் தளர்த்துவதில்லை. தொல்லையே வேறு: வார்லாக்கில் (ஒரு மாய சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெறும் கிளாஸ்) ஒரே ஒரு லெவல் எடுத்துக்கொண்டு பழைய கிளாஸுக்கே நழுவுகிறவர்கள். புது கிளாஸில் கால் வைத்தால் 3 லெவல் முடிக்காமல் வெளியே வரக்கூடாது, அந்தச் சக்தி யாரிடமிருந்து வந்தது என்று கதையில் ஒரு காட்சியும் வேண்டும் என்று விதி போட்டேன், பாதிப் பேர் ஆசையை விட்டுவிட்டார்கள். ஃபைட்டரில் 4 லெவல், விசார்டில் 1 லெவல் என்று போகிறவருக்கு, ஃபைட்டர் 5-ஆம் லெவலில் கிடைக்கும் கூடுதல் தாக்குதல் தள்ளிப்போகும், பாவம், முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் பிடிக்கவில்லை என்றால்? சரி, ஒரே ஒருமுறை மாற்றிக்கொள்ள விடுங்கள்.