சுவாரெஸைப் படிக்கும் முறை: சட்டம், கடமை, சுதந்திர விருப்பம்

ஸ்பானிய இயேசு சபை இறையியலாளரும் மெய்யியலாளருமான பிரான்சிஸ்கோ சுவாரெஸ் எழுதிய 'தே லேஜிபுஸ்' (சட்டங்களைப் பற்றி) 1612-இல் போர்த்துகலின் கொயம்பிராவில் அச்சானது. மொத்தம் பத்துப் பாகங்கள். அதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. நான்காம் பாகம் திருச்சபைச் சட்டம், எட்டாம் பாகம் சலுகைகள் என்று அது பல தேவைகளுக்காக விரிகிறது. மெய்யியலுக்காக வருபவர் இரண்டாம் பாகத்தின் ஆறாம் அதிகாரத்தில் தொடங்கலாம். ஒழுக்கம் நம்மைக் கட்டுப்படுத்துவது செயலின் நன்மை தீமையாலா, கடவுளின் கட்டளையாலா என்ற வழக்கு முழுவதும் அந்த ஒரே அதிகாரத்தில் நடந்து முடிகிறது.

முதலில் சொற்கள்

'லெக்ஸ்' என்ற லத்தீன் சொல்லை 'விதி' என்று எழுதாதீர்கள். தமிழில் விதி என்றால் நெறி என்றும் பொருள், தலையெழுத்து என்றும் பொருள். இந்த நூல்களோ அந்த இரண்டையும் பிரித்துக் காட்டவே பாடுபடுகின்றன. 'சட்டம்' என்றே வையுங்கள். 'யூஸ்' என்ற சொல் சில இடங்களில் சட்டத்தையும், சில இடங்களில் ஒருவருக்குத் தம் பொருள்மீதோ தமக்குச் சேர வேண்டியதன்மீதோ உள்ள உரிமையையும் குறிக்கும். முதல் பாகம் இரண்டாம் அதிகாரத்தில் சுவாரெஸே இதைப் பிரித்துச் சொல்கிறார். அதைப் படிக்காமல் எல்லா இடத்திலும் 'நீதி' என்று போட்டால் பாதி வாதங்கள் பொருளற்றுப் போகும். 'வொலுந்தாஸ்' ஆசை அன்று, தேர்ந்தெடுக்கும் ஆற்றல். கடவுளைப் பற்றி வரும்போது 'சித்தம்', மனிதரைப் பற்றி வரும்போது 'விருப்பாற்றல்' என்று எழுதினால் குழப்பம் குறையும்.

எல்லாவற்றையும்விட அதிகத் தொல்லை தருவது நம் 'வேண்டும்'. கையை விட்டால் கல் கீழே விழுந்தாக வேண்டும். அக்கரை சேர ஆற்றைக் கடக்க வேண்டும். வாக்கைக் காப்பாற்ற வேண்டும். முதலாவது இயற்கைக் கட்டாயம், இரண்டாவது ஒரு நோக்கத்துக்கான தேவை, மூன்றாவது கடமை. சுவாரெஸ் கடமையை 'ஒழுக்கக் கட்டாயம்' என்பார். மீற முடியும், மீறினால் குற்றம்: அதுதான் அதன் இலக்கணம். மொழிபெயர்ப்பிலோ உங்கள் குறிப்பிலோ 'வேண்டும்' வரும் ஒவ்வோர் இடத்திலும் ஓரத்தில் இ, தே, க என்று ஓர் எழுத்தைப் போடுங்கள். எதைப் போடுவது என்று தெரியாத இடத்தில்தான் வாதம் நடந்துகொண்டிருக்கும்.

யார் பேசுகிறார் என்று பிரிப்பது

ஓர் அதிகாரத்தின் அமைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: கேள்வி, முதல் கருத்து, அதன் காரணங்கள், எதிர்க் கருத்து, அதன் காரணங்கள், பிறகு ஆசிரியரின் முடிவு, மறுப்புகளுக்குப் பதில். பிறர் கருத்தை அவர் வலுவாகவே எடுத்துச் சொல்வார். அவசரமாகப் படிப்பவர் அதை அவருடைய கருத்தாகவே எடுத்துக்கொள்வார்.

இந்த ஆறாம் அதிகாரத்தின் மூன்றாம் பத்தியிலேயே அந்தக் கண்ணி இருக்கிறது. கடவுள் இல்லாவிட்டாலும், பொய் தீது என்று அறிவு சொன்னால் அதற்கு இப்போதுள்ள அதே சட்டத் தன்மை இருக்கும் என்ற கருத்து அங்கே வருகிறது. சுவாரெஸ் இதை இடைக்கால இறையியலாளர் ரிமினியின் கிரகோரி தரப்பாகத் தருகிறார். தம்முடைய முடிவாக அல்ல. நான்காம் பத்தியில் இன்னொரு இடைக்காலச் சிந்தனையாளரான ஒக்காமின் தரப்பு வருகிறது: தடை இருப்பதால் மட்டுமே ஒரு செயல் தீது. ஐந்தாம் பத்தியில்தான் சுவாரெஸ் தம் குரலில் பேசத் தொடங்குகிறார்.

லத்தீனில் படிப்பவருக்குச் சில அடையாளச் சொற்கள் போதும். 'திச்செந்தும் எஸ்ட்', 'ரெஸ்பொந்தேயோ' என்றால் ஆசிரியரின் முடிவு. 'ப்ரொபாத்துர்' என்றால் நிறுவல், 'கொன்ஃபிர்மாத்துர்' என்றால் கூடுதல் ஆதாரம். 'ஒப்ஜீசியெஸ்' என்றால் நீங்கள் மறுக்கலாம் என்று எதிராளிக்கு இடம் கொடுக்கிறார். அந்தச் சொல்லுக்குப் பின் வருவதை ஒருபோதும் மேற்கோளாக எடுக்காதீர்கள். இடம் குறிக்கும்போது பக்க எண்ணை விட்டு, பாகம், அதிகாரம், பத்தி என்று 2.6.5 போல எழுதினால் எந்தப் பதிப்பிலும் தேடி எடுக்கலாம்.

சுவாரெஸின் நடுவழிக்கு இரண்டு கால்கள். இயற்கைச் சட்டம், அதாவது பகுத்தறிவால் அறியும் ஒழுக்கச் சட்டம், நன்மை தீமையைக் காட்டுவதோடு நிற்பதில்லை. உண்மையாகவே ஏவுகிறது, தடுக்கிறது. ஆனால் அந்தத் தடையே தீமையை உண்டாக்கிவிடுவதில்லை; செயலில் ஏற்கெனவே உள்ள தீமையைச் சார்ந்துதான் தடை வருகிறது. இரண்டாவதை மறந்தால் அவர் ஒக்காம் ஆகிவிடுவார், முதலாவதை மறந்தால் கிரகோரி ஆகிவிடுவார். அப்படியானால் கடவுள் தடுக்காமலே விட்டிருக்கலாமே என்ற கேள்வி எழும். பகுத்தறிவுள்ள உயிரைப் படைத்து ஆளத் தீர்மானித்த பின், இயல்பிலேயே தீயதை அவரால் தடுக்காமல் இருக்க முடியாது என்பது சுவாரெஸின் பதில். என் பார்வையில் நூலின் மிக நுட்பமான இடம் இதுதான். இங்கே நிதானமாக ஒரு நாள் செலவிடலாம்.

சரியாகப் பிடித்தீர்களா என்று பார்க்க 2.15-க்குப் போங்கள். ஆபிரகாம் மகனைப் பலியிடக் கட்டளை பெற்றார்; கொலைத் தடையிலிருந்து கடவுள் அவருக்கு விலக்கு அளித்தாரா? புத்தகத்தை மூடிவைத்து உங்கள் பதிலை எழுதுங்கள். 'ஆம், விலக்குதான்' என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன இரண்டாம் கால் தவறிவிட்டது. சுவாரெஸின்படி சட்டம் மாறவில்லை, அது பேசும் பொருள் மாறுகிறது: உயிருக்கு உடையவர் கட்டளையிடும்போது, தடைக்கு உட்பட்ட கொலையாக அது இல்லை.

சுதந்திர விருப்பத்துக்கு வரும்போது

சுவாரெஸின்படி சட்டம் என்பது, கீழிருப்பவரைக் கடமைப்படுத்த மேலிருப்பவர் கொள்ளும் நீதியான விருப்பச் செயல் (1.5). கல்லுக்குக் கடமை கிடையாது. எனவே சட்டத்தைப் புரிந்துகொள்ளச் சுதந்திரத்தின் வரையறை தேவை. இன்னோர் இயேசு சபை இறையியலாளரான லூயிஸ் தே மொலினா 1588-இல் லிஸ்பனில் வெளியிட்ட 'கொன்கோர்தியா' அதைத் தருகிறது: செயலுக்கு வேண்டிய அனைத்தும் கூடிவந்த பிறகும், செய்யவும் செய்யாமல் இருக்கவும் கூடியவரே சுதந்திரமானவர். சுவாரெஸ் இதையே 1597-இல் வந்த 'மெய்ப்பொருளியல் விவாதங்கள்' நூலின் 19-ஆம் விவாதத்தில் விரித்துப் பேசுகிறார்.

வரையறையில் உற்றுப் பார்க்க வேண்டிய சொல் 'அனைத்தும்'. அந்தப் பட்டியலில் என்னென்ன அடங்கும் என்று எழுதிப் பாருங்கள்: அறிவு, பொருள், கடவுளின் துணை. அந்தத் துணை மனிதரின் விருப்பத்தை முன்கூட்டியே ஒரு பக்கம் தீர்மானித்துவிடும் என்றால் வரையறை உடையும். தொமினிக்கன் சபையின் தொமிங்கோ பான்யேஸ் அப்படிப்பட்ட முன்னியக்கத்தை ஏற்கிறார். சுதந்திரம் உடையவில்லை என்று காட்ட அவர் தரப்பு ஒரு பழைய வேறுபாட்டைப் பயன்படுத்துகிறது. உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்தபடியே நிற்க முடியாது. ஆனால் உட்கார்ந்திருக்கும்போதும் நிற்கும் ஆற்றல் அவரிடம் இருக்கிறது. அந்த ஆற்றல் இருந்தால் போதுமா என்பதுதான் சண்டையின் மையம். போதாது என்பது மொலினா தரப்பு.

மொலினாவின் 'இடைநிலை அறிவு' என்பது, எந்தச் சூழலில் யார் தம் விருப்பத்தால் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கடவுள் அறிவது. அதற்கு ஒரு தாளில் மூன்று கோடுகள் போட்டு, கடவுள் அறிபவற்றை எழுதுங்கள். முதல் கோட்டில், சீடர் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கவும் கூடும், மறுதலிக்காமல் இருக்கவும் கூடும். இரண்டாவதில், அந்த முற்றத்தில் அந்த ஆட்கள் நடுவே நின்றால் தம் விருப்பத்தால் மறுதலிப்பார். மூன்றாவதில், மறுதலிக்கப் போகிறார். கடவுளின் தீர்மானம் இரண்டாம் கோட்டுக்கும் மூன்றாம் கோட்டுக்கும் நடுவில் வருகிறது. பான்யேஸுக்கு இரண்டாம் கோடே அந்தத் தீர்மானத்தைச் சார்ந்தது. இருவரின் வேறுபாடும் அந்த ஒரு குறி எங்கே விழுகிறது என்பதில் தெரிந்துவிடும். மூன்றையும் காலவரிசை என்று எண்ணாதீர்கள். எது எதைச் சார்ந்தது என்ற வரிசை மட்டுமே அது.

இந்த வழக்கு ரோமுக்குப் போய் 1598 முதல் விசாரிக்கப்பட்டது. 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் அதை முடித்து, ஒருவர் கருத்தை மற்றவர் பழித்துக் கண்டிப்பதைத் தடுத்தார். மொலினாவின் கொள்கையைத் திருச்சபை ஏற்றது என்றோ தள்ளியது என்றோ எழுதியிருக்கும் அறிமுகக் கட்டுரையைப் பார்த்தால், அதை வைத்துவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.