எல்சிடியில் 99 செ.மீ. 990 ஆகத் தெரிந்தபோது

மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை எல்சிடி திரையில் காட்ட, தொட்டியின் மேலே தூரத்தை அளக்கும் சென்சார் ஒன்றை வைத்திருந்தேன். தண்ணீர் ஏற ஏற, சென்சாருக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரம் குறைய வேண்டும். ஆனால் 100 செ.மீ.க்கு அடுத்து எல்சிடி 990 என்றது! அளவுகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் 99 என்று சரியாகவே வந்ததால் சென்சாரில் கோளாறில்லை என்று தெரிந்தது.

வரிக்கு 16 எழுத்தாக 2 வரி காட்டும் (16க்கு 2) எல்சிடியை இயக்கும் எச்டி44780 சிப், எழுதிய எழுத்தை அதன்மேல் வேறொன்று எழுதும்வரை அப்படியே வைத்திருக்கும். 100இன் கடைசிப் பூஜ்யம்தான் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

புரோகிராமின் ஒவ்வொரு சுற்றிலும் திரையை அழிக்கும் கிளியர் கட்டளை கொடுத்தால் பூஜ்யம் போகும், ஆனால் திரை மின்னி மின்னிக் கண்ணை உறுத்தும். எனக்கு அது பிடிக்கவேயில்லை. அதனால் கர்சரை எண் தொடங்கும் இடத்துக்கே கொண்டுபோய், 100க்குக் குறைந்தால் முன்னால் ஒரு ஸ்பேஸ், 10க்குக் குறைந்தால் இரண்டு ஸ்பேஸ் அச்சிட்டு, அப்புறம் எண்ணை எழுத வைத்தேன். இப்போது இலக்கங்கள் வலப்பக்கம் ஒழுங்காக நிற்கின்றன, திரை மின்னுவதும் இல்லை.